சுருக்குப்பை இயல்: வீட்டில் தைக்கும் காசுப்பை பற்றிய ஓர் ஆய்வு

1. நூல்முகம்

பணத்தைப் பற்றி எழுதப்பட்ட பெருநூல்கள் அது எவ்வாறு ஈட்டப்படுகிறது, எவ்வாறு பெருகுகிறது, எவ்வாறு வரியாகக் கழிகிறது என்பவற்றை விரித்துரைத்தனவேயன்றி, ஈட்டுவதற்கும் செலவழிப்பதற்கும் இடைப்பட்ட காலத்தில் அது எங்கே இருக்கிறது என்னும் கேள்விக்கு உரிய இடம் தந்தனவல்ல. வங்கியில் இருக்கிறது என்பது பெருந்தொகைக்கு மட்டுமே பொருந்தும் விடை. பதினேழு ரூபாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பொருளியல் வாய் திறப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாட்டிமாரோ உடனே இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எதற்குக் கேட்கிறாய் என்று எதிர்க்கேள்வி போடுகின்றனர். அவ்வாறு தொட்டுப் பார்க்கப்படும் பொருளே இவ்வாய்வின் பொருள்.

ஒரு சாண் துணியும் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நாடாவும் கொண்டு வீட்டிலேயே தைக்கப்படும் சுருக்குப்பை, தன்னுள் இருக்கும் தொகையைவிடத் தன்னைத் தைக்க ஆன உழைப்பே மதிப்பு மிக்கதாக அமைந்துவிடும் அரிய களஞ்சிய வகையைச் சேர்ந்தது. இருபது ரூபாயைக் காக்க ஒரு பிற்பகலைச் செலவிடுவது ஏன் என்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு விளங்காத புதிர். அப்புதிருக்கு விடையாக இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து ஒன்றே: காசுப்பை காசைக் காப்பது துணியின் உறுதியாலும் தையலின் நெருக்கத்தாலும் என்பதைவிட, அதைத் திறப்பதற்கு ஆகும் காலத்தால் என்பதே பொருந்தும். பின்வரும் பகுதிகள் யாவும் இக்கருத்தின் விரிவே.

2. வரையறை

சுருக்குப்பை என்பது, வாய்ப்புறத்தில் துணியை மடித்துத் தைத்த குழல் ஒன்றினுள் நாடா செல்லுமாறு அமைக்கப்பட்டு, நாடாவை இழுத்தால் வாய் குறுகியும், வாயை விரல்களால் அகற்றினால் நாடா உட்சென்றும் இயங்கும் சிறு துணிப்பை ஆகும். இவ்வரையறைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: பை இடுப்பில் செருகத் தக்க அளவினதாக இருத்தல் வேண்டும், இழுத்துச் சுருக்கும் நாடா இருத்தல் வேண்டும், உரியவர் தவிர வேறொருவர் கையை உள்ளே விட்டால் உரியவருக்கு உடனே தெரிதல் வேண்டும். மூன்றாவது நிபந்தனை தையலால் வருவதன்று எனினும், அது இல்லாத பை வெறும் துணி மூட்டையே.

இந்நிபந்தனைகளால் உறவுடைய பிற பொருள்கள் விலக்கப்படுகின்றன. துணிக்கடை மஞ்சள் பை, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டரசு அதன் பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்குமளவுக்குப் புகழ் பெற்றதாயினும், முதல் நிபந்தனையில் தவறுகிறது. புடவைத் தலைப்பில் காசை முடியும் முந்தானை முடிச்சு, சுருக்குப்பையின் மூதாதை எனக் கருதத் தக்கதேயன்றித் தனிப் பொருளன்று. புடவை மாற்றும்போதெல்லாம் நிதி நிலையத்தையும் இடம் மாற்ற வேண்டியிருப்பது அதன் குறை. ஆடவர் வேட்டி மடிப்பில் வைக்கும் மடிப்பணமும், சந்தை வியாபாரிகள் கட்டும் அகன்ற பச்சை பெல்ட்டும் இடுப்புக்குரியவையே எனினும் நாடா இல்லாமையால் நீங்கின. அஞ்சறைப்பெட்டியின் கடுகுக்கு அடியிலும் அரிசிப் பானையின் நடுவிலும் இருக்கும் தொகை, அதாவது வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வீட்டாருக்குத் தெரியாமல் சேர்க்கும் சிறுவாடு, இடம் பெயராச் செல்வம் ஆதலால் வேறோர் ஆய்வுக்கு உரியது. சுருக்குப்பையில் இருப்பது உரியவருடன் நடமாடும் செல்வம்.

3. தொன்மை

காசுப்பை காசுக்காகத் தோன்றியது என்று பொதுவாக நம்பப்படுகிறது. சான்றுகள் இதற்கு எதிராக உள்ளன. ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் பனிமலையில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓட்ஸி என்னும் மனிதனின் உடலோடு, இடைக்கச்சையில் தைத்த கன்றுத்தோல் பை ஒன்றும் கிடைத்தது. அதனுள் சிறு கல்லாயுதங்களும், எலும்பால் ஆன துளையூசியும், தீ மூட்டுவதற்கான காய்ந்த காளானும் இருந்தன. காசு ஒன்றும் இல்லை. இருக்கவும் இயலாது, ஏனெனில் லிடியா நாட்டார் முத்திரையிட்ட நாணயங்களை வெளியிட்டது கி.மு. ஏழாம் நூற்றாண்டில்தான். ஆகவே பை முந்தியது, காசு பிந்தியது என்பதும், இடுப்புப்பை ஏறத்தாழ 2,600 ஆண்டுகள் காசின் வரவை நோக்கி வாய் திறந்து காத்திருந்தது என்பதும் பெறப்படும். அப்பையினுள் துளையூசி இருந்தமையால், பையைச் சுமந்தவர் வழியிலேயே அதைப் பழுது பார்த்துக்கொள்ளும் திறன் உடையவர் என ஊகிக்கவும் இடமுண்டு. வீட்டுத் தையல் என்னும் மரபின் தொன்மையை ஐரோப்பிய அறிஞர் இக்கோணத்தில் நோக்காமை வருந்தத் தக்கது.

தமிழகத்திலும் சிறுபையின் முதன்மைப் பொருளாக இருந்தவை வெற்றிலையும் பாக்குமே. அரசர்க்கும் செல்வர்க்கும் வெற்றிலைப்பை சுமந்து மடித்துக் கொடுப்போர் அடைப்பைக்காரர் என்று தனிப்பெயர் பெற்றிருந்தனர். அரசருக்கு ஆள் வைத்து நடந்த இப்பணியைக் குடிமக்கள் தத்தம் இடுப்பைக் கொண்டே நடத்திக்கொண்டனர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டுப் புகையிலை ஆகியவற்றுக்கு இடையே காசு குடியேறியது பிற்காலத்து நிகழ்ச்சி என்பதற்கு, பழைய பைகளிலிருந்து வெளிவரும் நாணயங்கள் பலவற்றில் சுண்ணாம்புக் கறை இன்றும் காணப்படுவதே சான்று.

குடியேறிய காசும் பலவகைப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி என்ற கணக்கு நிலவிய நாளில், 192 தம்பிடிகளும் ஒரு பையில் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் ஆகும். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943இல் தொடங்கி, 1947 வரை நடுவே துளையிட்டு அச்சிடப்பட்ட ஓட்டைக் காலணாவோ, பைக்கே போட்டியாக அமைந்தது. ஒரு கயிற்றில் கோத்து முடிந்துகொண்டால் பை எதற்கு என்ற கேள்வியை எழுப்பிய ஒரே நாணயம் அது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 காசு என்ற பதின்மக் கணக்கு வந்தபின், அலுமினியத்தில் சதுரமும் அறுகோணமும் நெளிவிளிம்பு வட்டமுமாகக் காசுகள் வந்து பையை நிறைத்தன. 2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாவாயின. அன்று செல்லாமற்போன காசுகளில் ஒரு பகுதி இன்றும் பைகளின் அடித்தையலில் சிக்கிக் கிடப்பதால், சுருக்குப்பையை நாணயவியல் அருங்காட்சியகத்தின் கிளையாகவும் கொள்ளலாம்.

4. மூலப்பொருள்

பைக்குத் துணி வாங்குவது மரபன்று. துணி மிஞ்ச வேண்டும் என்பதே விதி. கடைக்குச் சென்று காசுப்பைக்கென்று துணி வாங்குபவர், காசைச் செலவழித்துக் காசுப்பை செய்யும் முரணுக்கு ஆளாகிறார். மிஞ்சும் துணி இரு வழிகளில் கிடைக்கும். முதலாவது, தையற்காரர் திருப்பித் தரும் வெட்டுத்துணி. இவ்வழி நிச்சயமில்லாதது, ஏனெனில் மிஞ்சியதா, மிஞ்சவில்லையா என்பதில் கொடுத்தவருக்கும் தைத்தவருக்கும் எந்த ஊரிலும் உடன்பாடு ஏற்படுவதில்லை.

இரண்டாவது வழி, நவராத்திரிக் கொலுவிலும் வளைகாப்பிலும் வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுக்கப்படும் ரவிக்கைத் துணி. இத்துணி ஒரு வீட்டில் பெறப்பட்டு, அலமாரியில் சிறிது காலம் தங்கி, வேறொரு வீட்டுக்கு வழங்கப்பட்டு, அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்குச் சென்று, சில வேளைகளில் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பும் இயல்பினது. தைக்கப்படாமையே இதன் இயல்பு; இதன் நிறத்துக்குப் பொருந்தும் புடவை எவரிடமும் இல்லாதிருப்பதே இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். இவ்வாறு வீடுதோறும் பிறந்து பிறந்து உழலும் துணிக்கு வீடுபேறு அளிக்க அறியப்பட்ட வழிகளுள் மிக உறுதியானது, அதைக் கத்தரித்துக் காசுப்பை தைத்துவிடுவது. கத்தரி பட்ட துணியை வைத்துக் கொடுக்க எவருக்கும் மனம் வராது.

துணியின் தேர்வில் நான்கு பண்புகள் நோக்கத் தக்கன. பருத்தியாக இருத்தல் முதற்பண்பு. வழவழப்பான செயற்கை இழைத் துணியில் நாடா தானே நழுவி வாய் திறந்துகொள்ளும். நெசவு நெருக்கமாக இருத்தல் இரண்டாவது. டூ பை டூ என்று கடைகளில் வழங்கும் ரவிக்கைத் துணி இதற்கு ஏற்றது. வெட்டிய விளிம்பில் பிசிறு, அதாவது இழை பிரிந்து தொங்குதல், குறைவாக இருத்தல் மூன்றாவது. பட்டு இதில் தோற்கும். பாவு நூல் பையின் உயரத்தின் வழியே அமைதல் நான்காவது. தறியில் நீளவாக்கில் கட்டப்படுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தறியின் இழுவையைத் தாங்குவதற்காகப் பாவு நூல் நன்கு முறுக்கேற்றிக் கஞ்சியிடப்படுவதால், காசின் எடையைத் தொங்கவிட்டுத் தாங்கும் பொறுப்பை அதனிடமே ஒப்படைத்தல் முறை.

நாடாவைப் பொறுத்தவரை கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை: பாவாடை நாடாவே நாடா. உள்பாவாடையும் மடித்துத் தைத்த குழலில் நாடா ஓடிச் சுருங்குவதே ஆகையால், அடிப்புறம் மூடித் தைத்த மிகச் சிறு உள்பாவாடையே சுருக்குப்பை என்றும், அது தன் தாயின் இடுப்பிலேயே செருகப்பட்டு வாழ்கிறது என்றும் கூறின் மிகையாகாது.

5. தைக்கும் முறை

அளவில் பலவாறாக வழங்கும் பைகளுள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, 14 செ.மீ. அகலமும் 36 செ.மீ. நீளமும் உடைய ஒற்றைத் துண்டால் ஆவது. துண்டைக் குறுக்கே இரண்டாக மடித்தால் 18 செ.மீ. உயரம் வரும், மடிப்பே அடிப்புறம் ஆகிவிடுவதால் அங்கே தையல் வேண்டாம். இது சோம்பலால் வந்த வசதி எனக் கருதுதல் பிழை. காசு முழுவதும் தங்குவது அடிப்புறத்திலே ஆதலால், அங்கே தையல் இல்லாதிருப்பதே அவிழும் அபாயத்தை நீக்கும்.

துணியின் நல்ல பக்கங்கள், அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கங்கள், ஒன்றையொன்று நோக்குமாறு மடித்து, இரு ஓரங்களையும் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தைக்க வேண்டும். ஆயின் மேல்விளிம்பிலிருந்து 6 செ.மீ. வரை தைக்காமல் விட வேண்டும். இந்த 6 செ.மீ. விடுதலை மறந்து மேல்வரை தைத்துவிடுவோர், நாடா நுழைய வழியில்லாத பையைப் பெறுவர். அது தலையணை உறை எனப்படும். கையால் தைப்போர் ஓட்டுத் தையல், அதாவது ஊசி மேலும் கீழுமாக நேரே ஓடும் தையல், போடாமல், ஒவ்வொரு குத்தலிலும் ஊசி ஒரு தையல் அளவு பின்வாங்கி முன்செல்லும் பின்தையலே போடுதல் வேண்டும். ஓட்டுத் தையலில் ஓரிடம் அறுந்தால் நூல் வழுகி வரிசை முழுவதும் தளரும். பின்தையலில் ஒவ்வொரு தையலும் முந்தையதைப் பற்றி நிற்பதால் இழப்பு ஓரிடத்தோடு நிற்கும். தையல் மிஷின் உடையோர் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் முன்னும் பின்னுமாக ஓட்டி நிறுத்தினால் போதும்.

அடுத்து, தைக்காமல் விட்ட பக்க விளிம்புகளை உட்புறமாக மடித்து ஓரம் அடித்துவிட்டு, மேல்விளிம்பை முதலில் 1 செ.மீ., பின்னர் 2.5 செ.மீ. என உட்புறமாக இருமுறை மடித்து, மடிப்பின் கீழோரத்தில் தைக்க வேண்டும். முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இவ்வாறு அமைபவையே நாடாக் குழல்கள். பையைப் புரட்டினால் 12 செ.மீ. அகலமும் 14.5 செ.மீ. உயரமும் உள்ள உருவம் கிடைக்கும். அதன் மூலைகளைக் கத்தரி முனையால் குத்தி நிமிர்த்துவோர் மூலையில் துளையிட்டு, அதுகாறும் செய்த பணியனைத்தையும் பயனற்றதாக்குவர், விரலே போதும்.

நாடா கோத்தல் இறுதிப் படி. 45 செ.மீ. நீளமுள்ள இரு நாடாக்களை எடுத்து, ஒன்றை வலப்புறமிருந்து நுழைத்து இரு குழல்களையும் சுற்றி வலப்புறமே வெளிக்கொணர்ந்து முடிச்சிட வேண்டும். மற்றொன்றை இடப்புறமிருந்து அவ்வாறே செய்ய வேண்டும். இதற்குரிய கருவி ஊக்கு. நாடாவின் நுனியில் அதைக் குத்திப் பூட்டிக் குழலினுள் விரலால் தள்ளிச் செல்வது எங்கும் உள்ள வழக்கம். ஊக்குக்கு 1849இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வால்ட்டர் ஹன்ட் அவ்வுரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முன்பே 1830களில் தையல் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, அதற்குக் காப்புரிமையே பெறாமல் விட்டவரும் அவரே. காசுப்பை தைக்க வேண்டிய இரு பெருங்கருவிகளையும் கண்டறிந்த ஒருவர், காசைப் பையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவராக இருந்தது வரலாற்றின் விளையாட்டு. குழலின் நடுவழியில் ஊக்கு திறந்துகொள்வது எல்லோருக்கும் நேர்வதே. அப்போது முன்னும் போகாமல் பின்னும் வராமல் நிற்கும் ஊக்கை விடுவிக்கக் குழல் தையலையே பிரிக்க நேரும் என்பதைத் தைக்கத் தொடங்குவோர் முன்னரே அறிந்து மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுதல் நன்று.

6. வாய் மூடும் இயங்கியல்

ஒரு நாடா போதாதா, இரண்டு எதற்கு என்னும் வினா எழலாம். ஒரே நாடா உள்ள பையை இழுத்தால் துணி முழுவதும் நாடா வெளிவரும் பக்கமாகவே ஒதுங்கிக் கூம்பி, எதிர்ப்பக்கத்தில் சிறு இடைவெளி எஞ்சும். பத்து ரூபாய் அதன் வழியே வெளியேறாவிடினும், ஒரு ரூபாய் வெளியேறும். இரு நாடாக்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இழுக்கும்போது துணி இருபுறமும் சமமாக ஒதுங்குவதால் வாய் நடுவில் மூடும். மேலும், 24 செ.மீ. சுற்றளவுள்ள வாய் சில செ.மீ. அளவுக்குக் குறுகுகையில் துணி பல மடிப்புகளாக நெருங்குகிறது. ஒவ்வொரு மடிப்பும் நாடாவைச் சிறிது வளைக்கிறது. வளைந்து செல்லும் கயிற்றின் பிடிமானம், அது வளையும் மொத்தக் கோணம் கூடும்போது கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளரும் என்பது 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் காட்டிய உண்மை. கப்பலைத் துறைமுகத்தில் ஒரு கட்டைத் தூணைச் சுற்றிய கயிறு நிறுத்துவதும், பாட்டியின் பையை முடிச்சே இல்லாமல் நாடா மூடி வைத்திருப்பதும் இவ்வொரு விதியாலேயே.

இதனினும் நுட்பமானது, நாடாவைப் பிடித்துப் பையைத் தொங்கவிடும்போது நிகழ்வது. உள்ளிருக்கும் காசின் எடை துணியைக் கீழ்நோக்கி இழுக்க, நாடா மேல்நோக்கி இழுக்க, வாய் தானே மேலும் இறுகுகிறது. எடை மிகுந்தால் இறுக்கமும் மிகும். செல்வம் பெருகப் பெருக வாய் இறுகும் என்னும் இவ்விதி பைக்கு மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. மாந்தர்க்கும் பொருந்துமா என்பது உறவினரிடம் கைமாற்றுக் கேட்டவர் விடை சொல்ல வேண்டிய வினா.

7. கொள்ளளவும் சட்டமும்

பையில் எவ்வளவு காசு கொள்ளும் என்பதைவிட எவ்வளவு கொள்ளலாம் என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டும். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்கே சட்டப்படி செல்லுபடியாகும். ஐம்பது காசு நாணயங்கள் 10 ரூபாய் வரைக்கும். அதற்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. எனவே 1,000 ரூபாயே ஒரு காசுப்பையின் சட்டப்படியான உச்சவரம்பு எனக் கொள்ளலாம்.

இவ்வரம்பை எடையாக மாற்றினால் அரிய உண்மைகள் வெளிப்படும். 2019இல் அறிவிக்கப்பட்ட வரிசையில் ஒரு ரூபாய் நாணயம் 3.09 கிராம், ஆயிரம் நாணயங்கள் 3.09 கிலோ. இரண்டு ரூபாய் நாணயங்களாயின் 2.035 கிலோ, ஐந்து ரூபாயாயின் 1.348 கிலோ, பத்து ரூபாயாயின் 774 கிராம், பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட இருபது ரூபாயாயின் 427 கிராம் ஆகும். மூன்று கிலோவை இடுப்பில் செருகி நடப்பது அரைஞாண் கயிற்றுக்கும் கொசுவத்துக்கும் இயலாத செயல் ஆதலால், சட்டம் விதித்த வரம்புக்கு வெகு முன்னரே இடுப்பு ஒரு வரம்பை விதித்துவிடுகிறது. நாணயக் கொள்கையை வகுப்போர் இடுப்பின் கருத்தைக் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

எடை குறைந்த வழி இருபது ரூபாய் நாணயமும் பத்து ரூபாய் நாணயமுமே என்பது கணக்கு. ஆயின் தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி பல ஆண்டுகள் பரவி, பேருந்திலும் பெட்டிக்கடையிலும் அது திருப்பித் தரப்பட்டது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தபோதும், பெட்டிக்கடைக்காரரின் தலையாட்டலுக்கு இருந்த அதிகாரம் அந்த அறிக்கைக்கு உடனே வந்துவிடவில்லை. இதன் பயனாக, வாங்குவார் இல்லாத பத்து ரூபாய்கள் பைகளில் தேங்கின. கொடுக்க முயன்றும் கொடுக்க முடியாமல் சேமித்தல் என்னும் புதுவகைச் சேமிப்பைச் சுருக்குப்பை பொருளியலுக்கு வழங்கியது.

ஒரு ரூபாய் நாணயத்துக்கோ என்றும் குறையாத தேவை ஒன்று உண்டு. மொய்யாக 100 எழுதுவோர் இலர். 101 எழுத வேண்டும், 501 எழுத வேண்டும். உறையின் மேல் ஒட்டப்படும் அந்த ஒற்றை நாணயத்துக்காகக் கல்யாண மண்டபத்தின் வாசலில் குடும்பமே ஒருவரையொருவர் நோக்கும் வேளையில், எல்லாப் பார்வைகளும் இறுதியில் சென்று சேருமிடம் முதியவரின் இடுப்பே.

8. திறத்தல் என்னும் எழுதொழில்

நூல்முகத்தில் கூறிய கருத்தை நிறுவும் இடம் இது. சுருக்குப்பையிலிருந்து காசு வெளிவருவது ஒரு செயலன்று. ஏழு செயல்களின் தொகுதி. அவை எடுத்தல், அவிழ்த்தல், விரித்தல், துழாவுதல், எண்ணுதல், சுருக்குதல், செருகுதல் என்பன. இவற்றுள் முதல் மூன்றும் காசைக் காண்பதற்கு முன்பும், இறுதி இரண்டும் காசைக் கொடுப்பதற்கு முன்பும் நிகழ்வன என்பது குறிக்கத் தக்கது. கொடுத்துவிட்டு மூடுவது மற்றப் பைகளின் இயல்பு. மூடிச் செருகிய பின்னரே கையிலுள்ளதைக் கொடுப்பது சுருக்குப்பையின் இயல்பு.

துழாவுதல் தனி விளக்கம் பெற வேண்டியது. பையினுள் கண் செல்லாது, விரலே செல்லும். விரலோ விட்டத்தைக் கொண்டே நாணயத்தை அறியும். 2011 வரிசையில் இரண்டு ரூபாயின் விட்டம் 25 மி.மீ.; 2019 வரிசையில் ஐந்து ரூபாயின் விட்டமும் 25 மி.மீ. முந்தைய வரிசையின் ஐந்து ரூபாயும் பிந்தைய வரிசையின் இரண்டு ரூபாயும் 23 மி.மீ. ஆகி இடம் மாறிக்கொண்டன. இதனால் விரல் தேடி எடுத்ததை வெளியே கொணர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதுவன்று எனத் தெளிந்து, மீண்டும் உள்ளே விட நேர்கிறது. அரசு நாணய ஆலைகள் தம்மையறியாமலேயே சுருக்குப்பையின் காப்புத் திறனை உயர்த்தியிருக்கின்றன.

இவ்வேழு செயல்களும் நடந்து முடிவதற்குள் உலகம் மாறிவிடுகிறது. தேநீர்க் கடையில் உடன் வந்தவர் பொறுமையிழந்து தாமே கொடுத்துவிடுகிறார். கீரை விற்பவர் நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் ஆத்தா என்று நடந்துவிடுகிறார். குச்சி ஐசுக்காக அழுத பேரன், அப்பத்தா நாடாவை அவிழ்க்கும்போதே வேறு விளையாட்டில் மனம் செலுத்துகிறான். ஐஸ் வண்டியும் மணியடித்துக்கொண்டே தெருமுனையைத் தாண்டிவிடுகிறது. இவ்விடங்களிலெல்லாம் காசு கொடுக்க மறுக்கப்படவில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மறுத்தால் கஞ்சத்தனம் என்னும் பழி வரும். கொடுத்தால் காசு போகும். கொடுத்துக்கொண்டே இருந்தால் பழியும் இல்லை, இழப்பும் இல்லை. அந்தக் கொடுத்துக்கொண்டிருத்தல் என்னும் நிலையைத் துணியாலும் நாடாவாலும் உருவாக்கித் தருவதே சுருக்குப்பையின் பணி.

9. தடையும் விடையும்

அஃதேல், ஜிப் வைத்துத் தைத்தால் இன்னும் காப்பாக இருக்குமே எனின், இராது. பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இன்றைய ஜிப்பை 1913இல் கிடியன் சுண்ட்பேக் வடிவமைத்தது முதல் அதன் பெருமையாகச் சொல்லப்படுவது விரைவே. ஒரே இழுப்பில் திறக்கும் பை, ஏழு செயல்களில் மூன்றை விழுங்கிவிடுகிறது. ஜிப் பழுதாகித் திறக்க மறுக்கும் நாளில்தான் அது சுருக்குப்பையின் தரத்தை எட்டுகிறது. அந்நிலையிலும் அதை வீட்டில் சரிசெய்ய இயலாது. அழுத்துப் பட்டன் கட்சியார் கூறுவது இதனினும் வலிவற்றது, ஏனெனில் பட்டன் திறக்கும் ஓசை பேரப்பிள்ளைகளை மூன்று அறைகளுக்கு அப்பாலிருந்தும் அழைத்து வந்துவிடும்.

இனி, காசே மறைந்துவரும் காலத்தில் காசுப்பை எதற்கு என்பர் ஒரு சாரார். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்வதால், சில்லறையாக் குடுங்கம்மா என்னும் நடத்துநரின் குரலுக்கு அஞ்சிப் பையை நிரப்பி வைக்க வேண்டிய தேவை ஒழிந்தது என்பது அவர்தம் முதற்சான்று. 2016இல் தொடங்கிய யூபிஐ முறையால் கீரைக்கட்டுக்கும் கியூஆர் கோடு வந்துவிட்டது என்பது இரண்டாவது. சான்றுகள் மெய்யே; முடிபுதான் பொய். யூபிஐ வந்தபோது தொகையை உள்ளிட்டு, கடவு எண்ணை அழுத்தி, பச்சைக் குறி தோன்றும்வரை காத்திருத்தல் என்ற அளவிலாவது நாடா ஒன்று அதில் இருந்தது. சிறு தொகைகளுக்குக் கடவு எண்ணே வேண்டாம் என்னும் யூபிஐ லைட் 2022இல் வந்தபோது அந்த நாடாவும் உருவப்பட்டது. மாதக் கடைசியில் பணம் எங்கே போயிற்று என்று கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்போர், வாயே மூடாத பை ஒன்றைச் சுமந்து திரிந்தவர்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

உழைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தமில்லை என்பது மூன்றாம் தடை. இருபது ரூபாயைக் காக்க ஒரு பிற்பகல் எதற்கு? தைத்தவரே இதற்குச் சான்று. குழல் தையலை ஒருமுறையேனும் பிரித்துத் தைத்து, ஊக்கை ஒருமுறையேனும் மீட்டெடுத்தவர், அப்பையின் நாடாவை எளிதில் தளர்த்த மனம் கொள்வதில்லை. தைக்க ஆன காலம் முழுவதும் திறக்க ஆகும் காலத்தோடு கூடிவிடுகிறது. கடையில் வாங்கிய பைக்கு இப்பண்பு இல்லாமையால்தான், திருமண வீடுகளில் வெற்றிலை பாக்குக்கு மாற்றாக வழங்கப்படும் சரிகைச் சுருக்குப்பைகள் வீட்டுக்கு வந்த நாளிலேயே பொத்தான்களுக்கும் மாத்திரை அட்டைகளுக்கும் உறைவிடமாகிவிடுகின்றன.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: பை காசுக்கு முந்தியது, துணி மிஞ்சியதாக இருத்தல் வேண்டும், அடிப்புறம் தையலின்றியும் மேற்புறம் 6 செ.மீ. தைக்காமலும் அமைதல் வேண்டும். நாடா இரண்டாதல் வேண்டும். சட்டம் ஆயிரம் ரூபாய் வரை இசைந்தாலும் இடுப்பு இசையாது. இவற்றோடு, வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்கே விரியுமாறு நாடாவைச் சற்றுக் குட்டையாக முடிவதும் பயன் தரும். முழுக்கையும் நுழையும் பையில் துழாவுதல் விரைந்து முடிந்துவிடும்.

தைத்து முடித்த பை தேறியதா என்பதை அறிய, தையலை இழுத்துப் பார்ப்பதும் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பதும் வேண்டாத வேலை. இருபது ரூபாய்க்குக் கலப்பு நாணயங்களை அதில் இட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, பேரன் கேட்ட கணத்தில் இன்முகத்தோடு எடுத்தலைத் தொடங்க வேண்டும். துழாவுதல் முடிவதற்குள் ஐஸ் வண்டியின் மணியோசை அடுத்த தெருவிலிருந்து கேட்குமாயின், பை செம்மையாகத் தைக்கப்பட்டுள்ளது. வண்டி இன்னும் வாசலிலேயே நின்றால், நாடாவை உருவிவிட்டு மீண்டும் கோக்க வேண்டும்.